செல்லைச் சுருக்கினால் எவ்வளவு மிச்சம்? முதல் முறையாகச் சிறைக்குப் பிளான் போடுகிறேன், வழி சொல்லுங்கள்

கோடுபோடுகிறவன்:

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலை முடித்து ஆறு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம், நூலகம், ஒரு சின்ன மருத்துவமனை என்று பொதுக் கட்டடங்களிலேயே காலம் ஓடிவிட்டது. இப்போதுதான் முதல் முறையாக ஒரு சிறை கைக்கு வந்திருக்கிறது. விசாரணைக் கைதிகள், குறைந்த காலத் தண்டனைக்காரர்கள் என்று மொத்தம் 480 பேருக்கு. பிளானை அனுப்பினேன். எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, 15 சதவீதம் குறைத்துக்கொண்டு வா என்று திருப்பிவிட்டார்கள்.

பிளான் ரொம்பச் சாதாரணமானதுதான். நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் செல்கள் (கைதி அறைகள்), நடைவழிக்கு 24 செல், அப்படி 20 நடைவழி. செல் இப்போது 7.5 சதுர மீட்டர், அதை 6 ஆக்கலாம் என்று நினைக்கிறேன். செல்களுக்குப் பின்னால் குழாய்களுக்கென்று விட்ட டக்டை எடுத்துவிட்டுக் குழாயைச் சுவருக்குள் புதைத்துவிடலாம். ஜன்னலைப் பாதியாக்கலாம். இரண்டு வகுப்பறையையும் ஒரு பட்டறையையும் "பிற்பாடு கட்டப்படும்" என்று புள்ளிக்கோட்டில் காட்டிவிடலாம் (பிற்பாடு என்றால் எப்போதுமே இல்லை என்று எனக்கும் தெரியும்). எல்லாம் சேர்ந்து 12 வரை வருகிறது. இன்னும் 3 வேண்டும். வேறு எதைத் தொடலாம்?

மூலைமட்டம்:

தம்பி, முதலில் செல்லைச் சுருக்குவதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு செல்லில் காசு எங்கே போகிறது என்று உங்கள் எஸ்டிமேட்டிலேயே பாருங்கள். இரும்புக் கதவு, பூட்டு, கழிப்பறைத் தொட்டி, ஜன்னல், விளக்கு, காற்றுப் போக்கி. செல் 7.5 ஆனாலும் 6 ஆனாலும் இவற்றில் ஒன்றுகூட மாறாது. நீங்கள் வெட்டுவது கொஞ்சம் ஸ்லாப், கொஞ்சம் சுவர், மீதி வெறும் காற்று. 480 செல்லுக்கும் சேர்த்து 720 சதுர மீட்டர் குறையும், அவ்வளவுதான். மொத்தப் பரப்பில் அது எத்தனை சதவீதம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ஐரோப்பிய கவுன்சிலின் சித்திரவதைத் தடுப்புக் குழு 2015-இல் வெளியிட்ட அளவுப்படி, ஒருவர் இருக்கும் செல்லுக்குக் குறைந்தது 6 சதுர மீட்டர். அதுவும் கழிப்பறை இடத்தைச் சேர்க்காமல். பலர் சேர்ந்திருக்கும் செல் என்றால் ஆளுக்கு 4. உங்கள் 6-க்குள் கழிப்பறையும் இருக்கிறது என்றால் இப்போதே கோட்டுக்குக் கீழே போய்விட்டீர்கள். நாளைக்குக் கூட்டம் வந்து இன்னொரு கட்டிலைப் போட்டால் (போடுவார்கள், சந்தேகமே வேண்டாம்) ஆளுக்கு 3 கூடத் தேறாது. அப்புறம் வழக்கு வரும், ஆளைக் குறை என்று உத்தரவு வரும், நீங்கள் மிச்சம் பிடித்த காசு வக்கீலுக்குப் போகும்.

பழையசாவி:

இந்த இழையை மகள்தான் அனுப்பினாள். நான் பொறியாளன் இல்லை. 31 வருடம் சிறையில் இருந்தவன், கம்பிக்கு இந்தப் பக்கம்.

உங்கள் பிளானில் 20 நடைவழி என்கிறீர்கள். நடைவழிக்கு ஒரு ஆள் என்றால் 20 ஆள் என்று நினைப்பீர்கள். அது கணக்கே இல்லை. ஒரு நாற்காலியில் நாள் முழுக்க, வருடம் முழுக்க ஆள் இருக்க வேண்டும் என்றால் 24 மணி பெருக்கல் 365, மொத்தம் 8,760 மணி நேரம். ஒரு மனிதர் வார விடுமுறை, பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி எல்லாம் போக வருடத்தில் 220 நாள் வருவார், நாளுக்கு 8 மணி. 1,760. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 5 வரும். நீங்கள் பிளானில் ஒரு நாற்காலி வரைந்தால் ஐந்து பேரை வேலைக்கு வைக்கிறீர்கள். அந்த ஐவருக்கும் கட்டடம் நிற்கும் வரைக்கும் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு.

அப்புறம் அந்த நீள நடைவழி. என் பாதி வாழ்க்கை அதில்தான் போனது. இடுப்பில் சாவிக்கொத்து. நான் ஒரு கோடியில் நுழையும்போதே சத்தம் கேட்டு மறுகோடி வரை தெரிந்துவிடும். நான் ஒரு செல்லைக் கடக்கிற வரைக்கும் அமைதி. முதுகைத் திருப்பியதும் ஆரம்பிக்கும். 24 செல்லையும் பார்த்துவிட்டு வந்தேன் என்று பதிவேட்டில் எழுதுவேன். உண்மையில் ஒவ்வொரு செல்லையும் மூன்று நொடி பார்த்திருப்பேன். மீதி நேரமெல்லாம் அவர்கள்தான் என்னைக் காதால் கண்காணித்தார்கள்.

செல்லைக் குறைக்காதீர்கள், நடைவழியைக் குறையுங்கள்.

சந்தேகசாமி:

நான் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். குற்றம் செய்தவனுக்கு இத்தனை சதுர மீட்டர், ஜன்னல், வகுப்பறை எல்லாம் எதற்கு? பெரிய ஹால் நாலு கட்டு, ஹாலுக்கு 120 கட்டில் போடு, மூலைக்கு ஒரு கேமரா மாட்டு. 15 என்ன, 40 சதவீதம் குறையும். பள்ளிக்கூடத்துக்கே காசில்லை என்கிறார்கள்.

பழையசாவி:

சந்தேகசாமி அவர்களே, கோபப்படவில்லை, பதில் சொல்கிறேன். கேமரா வாங்கினால் அதைப் பார்க்க ஆள் வேண்டும். பார்த்தவர் ஓடிப் போய் விலக்க இன்னொரு ஆள் வேண்டும். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக இரண்டு பேர், அங்கேயே காவலுக்கு ஷிப்டுக்கு இரண்டு பேர். 120 பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒருவருக்குக் காசநோய் என்றாலும் எல்லோருக்கும் பரிசோதனை. விசாரணையில் இருப்பவர், அதாவது இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர், பழைய கைகளோடு ஒரே ஹாலில் படுப்பார். அவர் என்ன கற்றுக்கொண்டு வெளியே போவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹாலே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். ஆபத்தில்லாதவர்கள், விடுதலைக்கு நாள் எண்ணுகிறவர்கள், அவர்களுக்குச் சின்ன ஹால் போதும். கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் மண்டேலா விதிகளும் ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் படுக்க வைத்தால் ஹாலை அனுமதிக்கிறது. ஆனால் யார் எப்படிப்பட்டவர் என்று முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது.

ஜன்னலோரம்:

சிறைக் கட்டட வரலாறு எனக்குப் பைத்தியம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"குறைந்த ஆள், நிறையப் பேரைப் பார்க்க வேண்டும்" என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே இந்தக் கட்டடங்களின் தலைவலி. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் 1791-இல் வெளியிட்ட பனாப்டிகான் திட்டம் இப்போது தத்துவ வகுப்பில் பாடமாகிவிட்டது, ஆனால் அவர் விற்க நினைத்தது சிக்கனத்தை. வட்டமாகச் செல்கள், நடுவில் ஒரு கோபுரம், காவலர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாததால் ஒருவர் நூறு பேருக்குச் சமம். இருபது வருடம் அலைந்தும் அரசு கட்டவில்லை. அவருக்கென்று லண்டனில் தேம்ஸ் கரையில் வாங்கிய மில்பேங்க் நிலத்தில் கடைசியில் வேறு பிளானில் ஒரு சிறை 1816-இல் திறந்தது. சதுப்பு நிலம், அடித்தளம் அமுங்கியது, செலவு எகிறியது. உள்ளே நடைவழிகள் எவ்வளவு சுற்றி வளைத்துப் போனதென்றால் வார்டர்களே வழி தவறினார்கள். அதை இடித்த இடத்தில் இன்று டேட் பிரிட்டன் ஓவியக் கூடம் நிற்கிறது. கோடுபோடுகிறவன், மனை எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவே இல்லையே? மண் பரிசோதனை ஆகிவிட்டதா?

அடுத்து அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை, 1829. நடுவில் ஒரு மேடை, அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு பிளாக். மேடையில் நின்றால் ஏழு நடைவழியும் கோடு போட்டதுபோலத் தெரியும். செல்லுக்குச் செல் தனிக் கழிப்பறை, தனி முற்றம், கொட்டிய காசு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் எல்லாம் ஆளைத் தனிமையில் அடைத்தால் திருந்திவிடுவான் என்ற ஒரு நம்பிக்கைக்காகக் கட்டியது. நம்பிக்கை போனது, கட்டடம் நின்றது. கூட்டம் ஏற ஏற ஆரங்களுக்கு இடையில் புது பிளாக்குகளைச் சொருகினார்கள். அவை மேடையிலிருந்து தெரியவில்லை, அதனால் கண்ணாடி மாட்டி வைத்து வளைத்துப் பார்த்தார்கள். எனக்கு இந்தக் கண்ணாடி ரொம்பப் பிடிக்கும். பின்னால் ஒட்டு வேலை செய்வதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். 1970-களில் அமெரிக்க மத்திய சிறைத்துறை சிகாகோ, நியூயார்க், சான் டியேகோ மூன்றிலும் விசாரணைக் கைதிகளுக்கென்று கட்டிய கட்டடங்களில் நடைவழியையே தூக்கிப் போட்டார்கள். 40, 50 செல் ஒரு பொதுக்கூடத்தைச் சுற்றி, எல்லாக் கதவும் அந்தக் கூடத்தைப் பார்த்தபடி. காவலர் கண்ணாடி அறைக்குள் இல்லை, கூடத்துக்குள்ளேயே கைதிகளோடு. சிகாகோவில் 1975-இல் ஹாரி வீஸ் வடிவமைத்த முக்கோணக் கோபுரத்தில் ஜன்னலின் அகலமே 5 அங்குலம்தான், ஆள் நுழைய முடியாது என்பதால் கட்டியபோது கம்பியே வைக்கவில்லை. 1981-இல் கலிபோர்னியாவில் மார்ட்டினெஸ் என்ற ஊரின் மாவட்டச் சிறையும் இதே வழிக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால் செலவு இரண்டு பக்கமும் குறைந்தது. காவலர் கூடவே இருப்பதால் உடைப்பது குறைந்தது, உடைப்பது குறைந்ததால் எஃகுத் தொட்டிக்குப் பதில் சாதாரணப் பீங்கான், இரும்புக் கதவுக்குப் பதில் மரக்கதவு என்று போட முடிந்தது.

மூலைமட்டம்:

மரக்கதவு எல்லா இடத்திலும் வேண்டாம் சார். புதிதாக வருகிறவர்களை வைக்கும் பிளாக்கிலும் தண்டனைப் பிளாக்கிலும் இரும்புதான். மீதி இடத்தில் சரி. எல்லாச் செல்லையும் மிக மோசமான கைதிக்கென்று கட்டுவதுதான் இந்தத் துறையின் பெரிய வீண் செலவு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வட்டிக்கணக்கு:

பழையசாவி ஐயாவின் கணக்கில் ஒரு திருத்தம் இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். 24 செல் நடைவழி 20-க்குப் பதில் 48 செல் கூடம் 10 என்று வைத்தால் 10 நாற்காலி மிச்சம், ஆகவே 50 பேர் மிச்சம் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. இரவு 8 மணி நேரம் செல்கள் பூட்டியிருக்கும், அப்போது ஒருவர் இரண்டு பிளாக்கைச் சுற்றி வரலாம். பகல் 16 மணி நேரத்துக்கு ஒரு நாற்காலிக்கு 3.3 பேர், பத்துக்கு 33. இரவில் பழைய பிளானில் 10 பேர் சுற்றினால் கூடப் பிளானில் 5 பேர், மிச்சம் 5 நாற்காலி, அதற்கு 8 பேர். மொத்தம் 41.

அதை 30 வருடத்தால் பெருக்கி 1,230 ஆண்டுச் சம்பளம் என்று காட்டினால் நிதிப் பிரிவில் சிரிப்பார்கள். இருபது வருடம் கழித்துக் கொடுக்கும் காசு இன்றைய காசு இல்லை. 5 சதவீத வட்டியில் கழித்தால் 30 வருடச் சம்பளத்தின் இன்றைய மதிப்பு 15.4 வருடச் சம்பளம். அப்படியும் 41 பேருக்கு 630 ஆண்டுச் சம்பளம் வருகிறது. செல்லைச் சுருக்குவதில் வருவது எவ்வளவு?

கோடுபோடுகிறவன்:

இப்போதுதான் உட்கார்ந்து போட்டேன். எங்கள் எஸ்டிமேட் விகிதத்தில் 720 சதுர மீட்டர் குறைப்பது ஒரு காவலரின் 60 ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். அறுபது!! அதற்காகவா இரண்டு நாள் செல் வரைபடத்தில் கட்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன்...

ஆனால் ஒரு சிக்கல். கட்டுகிற காசு வேறு தலைப்பு, சம்பளக் காசு வேறு தலைப்பு. 15 சதவீதம் கேட்டவர்களுக்குச் சம்பளத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

வட்டிக்கணக்கு:

அதுதான் நோய். ஒரு பையிலிருந்து எடுப்பவருக்கு இன்னொரு பையின் ஓட்டை தெரியாது. பிரிட்டனில் 1990-களில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். கட்டுவது, பராமரிப்பது, நடத்துவது எல்லாம் ஒரே தனியார் ஒப்பந்தம், 25 வருடம், அரசு மாதாமாதம் கட்டணம் கட்டும். அந்த முறையில் வந்த முதல் சிறைகள் 1997-இல் திறந்தன. ஒரே கையில் இருந்தால் கட்டும்போதே பராமரிப்பை யோசிப்பார்கள் என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் அரசு வாங்கும் கடனைவிடத் தனியார் கடனுக்கு வட்டி அதிகம். அதோடு நடுவில் ஒரு சுவரை மாற்ற வேண்டும் என்றாலும் ஒப்பந்தத்தைப் பிரிக்க வேண்டும். 2018-இல் இனி புதிதாக அப்படி ஒப்பந்தம் போடுவதில்லை என்று அவர்களே நிறுத்திவிட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எஸ்டிமேட்டோடு ஒரு தாள் சேர்த்து வையுங்கள், எந்த நாற்காலியில் எத்தனை மணி நேரம் யார் என்று. அதில் சிறைத்துறை கையெழுத்து வாங்குங்கள். பிளானை மாற்றச் சொல்பவர் அந்தத் தாளையும் மாற்றிக் கையெழுத்துப் போடட்டும்.

நீர்க்கசிவு:

டக்டை எடுத்துவிடுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நான் குழாய் வேலைக்காரன்.

பழைய சிறை ஒன்றில் டக்ட் இல்லை, குழாய் சுவருக்குள். கைதி கோபத்தில் போர்வையைக் கிழித்துத் தொட்டிக்குள் திணித்துவிட்டு ஃப்ளஷ் பண்ணிக்கொண்டே இருப்பார், தண்ணீர் பக்கத்து நாலு செல்லுக்கும் போகும். அந்த ஒரு அடைப்பை எடுக்க நாங்கள் இரண்டு பேர் உள்ளே போக வேண்டும். அதற்கு முன் கைதியை வெளியே கொண்டுவர இரண்டு காவலர், எங்களுக்குக் காவலாக இன்னும் ஒருவர். போகும்போது கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனரையும் எண்ணி எழுதுவார்கள், வரும்போது திரும்ப எண்ணுவார்கள். ஒரு நாள் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் குறைந்தது. மூன்று மணி நேரம் மொத்த பிளாக்கும் பூட்டு, சோதனை. கடைசியில் அது என் கால்சட்டையின் பின்பாக்கெட்டிலேயே இருந்தது. என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

டக்ட் இருக்கும் கட்டடத்தில் அதே அடைப்பு என்றால், பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே போவேன், வால்வை மூடுவேன், மூடியைக் கழற்றுவேன், இருபது நிமிடம். கைதிக்கு நான் வந்ததே தெரியாது. முதுகுக்கு முதுகாக இரண்டு செல்லுக்கு ஒரு டக்ட் போதும். ஆள் நுழைய அகலம் விடுங்கள், என்னைப்போல் வயிறு உள்ள ஆள்.

ஜன்னலோரம்:

ஜன்னலுக்கும் ஒரு வார்த்தை. ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வை மருத்துவமனை கட்டியவர் என்பதால் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பித்தப்பை அறுவை சிகிச்சை ஆன 46 பேர். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். அதற்குச் சில வருடம் முன்பே மிச்சிகனில் ஒரு பெரிய சிறையில் மூர் என்பவர் இதே மாதிரிப் பார்த்திருக்கிறார். வெளியே வயல் தெரியும் செல்களில் இருந்தவர்கள், உள்முற்றம் பார்த்த செல்களில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். கைதி மருத்துவரிடம் போவது என்றால் கூட ஆள் போக வேண்டும், பழையசாவி சொன்ன கணக்குதான். மண்டேலா விதிகளில் 14-ஆவது விதி, பகல் வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ முடிகிற அளவுக்கு ஜன்னல் வேண்டும் என்கிறது. பாதியாக்கினால் பகலிலும் விளக்கு, அந்த மின் கட்டணமும் உங்கள் தலையில்தான். நார்வேயில் 2010-இல் திறந்த ஹால்டன் சிறை பலத்த காவல் உள்ளது, செல் ஜன்னலில் கம்பி கிடையாது.

சந்தேகசாமி:

நார்வேயின் காசு நார்வேயிடம் இருக்கிறது. சரி, காவலர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அது கணக்கு. வகுப்பறைக்கும் பட்டறைக்கும் என்ன கணக்கு?

பழையசாவி:

மதியம் இரண்டிலிருந்து நான்கு. சாப்பாடு முடிந்து, வேலை ஒன்றும் இல்லாமல், வெயிலில் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம். என் அனுபவத்தில் பாதி அடிதடி அப்போதுதான். பட்டறையில் ஒரு ஆசிரியர் இருபது பேரை வைத்துக்கொண்டிருப்பார், கூட ஒரு காவலர் கூட வேண்டாம். இதுதான் கணக்கு. வகுப்பறையைத் தனிக் கட்டடமாகக் கட்டாமல் கூடத்தை ஒட்டியே வையுங்கள், நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். சாப்பாடு, தொலைபேசி, மருத்துவர் பார்க்கும் சின்ன அறை எல்லாம் அப்படியே. கைதி எங்கே நடந்தாலும் கூடவே ஒன்றிரண்டு சம்பளமும் நடக்கிறது.

நானும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். கூடத்துக்குள்ளேயே காவலர் என்றதும் முதலில் நான் சிரித்தேன். கடைசி ஆறு வருடம் அப்படி ஒரு பிளாக்கில் போட்டார்கள். முதல் வாரம் முதுகில் வேர்வை. ஒரு மாதத்தில் எந்த முகம் காலையில் எப்படி எழுந்தது என்று தெரிந்துவிட்டது. யாரோ ஒருவர் சாப்பிடவில்லை என்றால் மாலைக்குள் ஏதோ வரும் என்று தெரியும், முன்னாலேயே போய்ப் பேசிவிடுவேன். ஆனால் பயிற்சி இல்லாமல் ஒரு புது ஆளை உள்ளே தள்ளினால் பாவம், அவர் ஒரு மூலையில் போய் நின்றுகொள்வார். 48 பேருக்குக் கட்டிய கூடத்தில் 90 பேரை அடைத்தாலும் அதேதான், காவலர் வெளியே வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் உங்கள் பிளான் வெறும் படம்.

வரிசைஎண்:

யாரும் 480 என்ற எண்ணையே கேள்வி கேட்கவில்லையே? அது எங்கிருந்து வந்தது?

உள்ளே இருப்பவர் எண்ணிக்கை இரண்டு விஷயத்தால் வருவது. வருடத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக எத்தனை நாள் இருக்கிறார்கள். வருடத்துக்கு 6,000 பேர், ஆளுக்கு 30 நாள் என்றால் தினம் 493 பேர். அதே 6,000 பேர் 24 நாளில் வெளியே போனால் 395. ஆறு நாளில் நூறு செல் காணாமல் போகிறது. பிணைத் தொகை கட்ட முடியாமல் கிடப்பவர், வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போகிறவர், பிணை கிடைத்தும் தாள் வந்து சேராமல் இரண்டு நாள் கிடப்பவர், இவர்களை எண்ணிப் பார்த்தீர்களா? நீதிமன்றத்தோடு வீடியோ இணைப்புக்கு நாலு நல்ல அறை கட்டுவது ஒரு பிளாக் கட்டுவதைவிட எவ்வளவோ மலிவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 480 கட்டில் என்றால் 480 பேரை வைக்க முடியாது. பெண்கள், இளையவர், நோயாளி, ஒருவரையொருவர் பார்க்கக் கூடாத கோஷ்டிகள் என்று பிரிக்கும்போது ஒரு பிளாக் காலியாக இருக்கும், பக்கத்தில் இடமிருக்காது. நூற்றுக்கு 85, 90 நிரம்பினாலே நிரம்பியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை மதிக்காமல் அடைத்துக்கொண்டே போனதில் கலிபோர்னியாவில் கட்டிய அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆள் ஆகி, மருத்துவம் பார்க்கக்கூட வழியில்லாமல், 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது.

படிக்கட்டு:

நான் சிறை கட்டியதில்லை, நீதிமன்றமும் பள்ளியும் கட்டியிருக்கிறேன், ஆனால் இங்கே பேசுவது எனக்குப் புதிதாக இல்லை. நீதிமன்றத்தில் பொதுமக்கள், நீதிபதி, கைதி மூவருக்கும் மூன்று வழி, ஒன்றையொன்று தொடக் கூடாது. செலவு என்று ஒரு வழியை எடுத்தோம் என்றால் ஒவ்வொரு முறை கைதி வரும்போதும் நடைவழியைக் காலி செய்ய நாலு பேர். பள்ளியில் கழிப்பறையை யாரும் பார்க்காத கடைக்கோடியில் வைத்தால் கதவு உடையும், சின்னப் பையன்கள் அங்கே போகவே பயப்படுவார்கள். ஆசிரியர் அறைக்கு எதிரே மாற்றினோம், சுவரில் கிறுக்கல்கூட நின்றுவிட்டது. மருத்துவமனையில் செவிலியர் மேசையிலிருந்து எத்தனை படுக்கை தெரிகிறது என்பதும் இதே கதைதான்.

மூலைமட்டம்:

மீதி 3 சதவீதத்துக்கு என் பங்கு. ஒன்று, சுற்றுச்சுவரின் நாலு மூலைக் கோபுரம். நாலும் சேர்த்து 20 பேர். ஊருக்கு வெளியே மனை பெரிதாக இருந்தால் இரட்டை வேலி, நடுவில் அசைவு உணரும் கருவி, சுற்றி ஓடும் ஒரு வண்டி போதும். இரண்டு, செல்லைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து கிரேனில் அடுக்கும் முறை. இங்கிலாந்தில் 2022-இல் திறந்த ஃபைவ் வெல்ஸ் சிறையில் காங்கிரீட் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்துதான் கொண்டுவந்தார்கள். ஒரே அளவு செல் நானூறு என்றால் அச்சு விலைக்குக் கட்டுப்படியாகும். ஆனால் ஜன்னல், மின்குழாய், திருகு போகும் துளை வரைக்கும் எல்லாம் வார்ப்பதற்கு முன்பே முடிவாக வேண்டும். வார்த்த பிறகு "இந்த ஸ்விட்சை அரை அடி தள்ளலாமா" என்று கேட்டால் கிரேன்காரர் உங்களைத் தூக்கி வைத்துவிடுவார்.

கோடுபோடுகிறவன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பிளானைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப வரைந்தேன். 48 செல் கூடம் பத்து, இரண்டு அடுக்கு. செல் 7.5 அப்படியே. டக்ட் இருக்கிறது, நீர்க்கசிவு அண்ணன் வயிற்றுக்கும் சேர்த்து 90 சென்டிமீட்டர். வகுப்பறைகள் கூடங்களுக்கு நடுவில், பட்டறை ஒன்று தப்பித்தது, மூலைக் கோபுரங்கள் போயின. எட்டு பிளாக்கில் சாதாரணக் கதவு. குறைந்தது 15 இல்லை, 11 தான். கூடவே வட்டிக்கணக்கு சொன்ன தாளையும் வைத்தேன். அறையில் ரொம்ப நேரம் அமைதி. அப்புறம் ஒருவர் இந்த 41 பேர் கணக்கை யார் போட்டது என்று கேட்டார். சிறைத்துறை அதிகாரி, நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்றார். 480 எப்படி வந்தது என்று நானும் கேட்டேன். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய கடிதத்திலிருந்து வந்ததாம். அதைத் திரும்பக் கணக்குப் போட ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னச் சந்தேகம். கூடத்துக்குள் மேல் அடுக்குக்குப் போகும் படி இருக்கிறதே, அதை எங்கே வைப்பது? இப்போது நடுவில், காவலர் மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது. அழகாகத்தான் தெரிகிறது.

பழையசாவி:

பிளானில் மேசை இருக்கும் இடத்தில் பென்சில் முனையை வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு செல் கதவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுங்கள். குளிக்கும் இடத்துக்கும் இழுங்கள். எத்தனை கோடு படியில் முட்டுகிறது?

கோடுபோடுகிறவன்:

கீழ் அடுக்கில் ஐந்து கதவு. குளியலறையில் பாதி.

பழையசாவி:

படியைப் பக்கச் சுவரோடு சேர்த்துவிடுங்கள். படிக்குப் படி இடையில் பலகை அடிக்காமல் திறந்தே விடுங்கள், அடியில் யாராவது உட்கார்ந்தால் கால் தெரிய வேண்டும். குளிக்கும் இடத்துக் கதவு தோள் வரைக்கும் போதும், கீழேயும் ஒரு சாண் விடுங்கள், மானமும் போகாது, தலையும் காலும் தெரியும். மாற்றிவிட்டுத் திரும்பக் கோடு இழுத்து அனுப்புங்கள், மகளிடம் சொல்லித் திறந்து பார்க்கிறேன்.